வெள்ளிக்கிழமை வரைக்கும்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. கீழே கடல் தெரியவில்லை. துணி காயாது.

தம்பி போன். அப்பாவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து குடிகாட்டில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். "டாக்டரு கைய விரிச்சிட்டாருக்கா. ரெண்டு நாளோ, மூணு நாளோ." நுரையீரல். பீடியை விடச் சொல்லி எத்தனை சண்டை.

பாஸ்போர்ட் கையில் இல்லை. என் பெயரோடு இருக்கும் அப்பா பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைப் போட, போன மாதம் இங்குள்ள நம் தூதரகத்துக்கு அனுப்பினேன். இவர் செய்யச் சொல்லவில்லை. கல்யாணமானால் எல்லாரும் செய்வதுதானே என்று நானே செய்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவசரப் பயணச் சான்று தருவார்களாம். நேரில் போக வேண்டும். வெள்ளி காலை 10. அதற்கு முன் கிடையாது. அன்று ராத்திரி விமானம், சனி சென்னை, ஞாயிறு விடியலில் வீடு.

எடுக்க: போட்டோ 2, பாஸ்போர்ட் நகல், டாக்டர் கடிதம் (தம்பி அனுப்பணும்).

அக். 15, புதன்

நல்ல வெயில். இந்த ஊர் அழகாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். பின்னால் காடு, முன்னால் கடல், நடுவில் எண்ணூறு வருஷத்துக் கல்வீடுகள். சுற்றுலா வந்தவர்கள் என் ஜன்னலைப் படம் எடுக்கிறார்கள். நான் அழுதுகொண்டு நிற்பதும் விழுந்திருக்கும்.

கீழ்வீட்டு கார்லா கூடை நிறைய செஸ்ட்நட் கொட்டை கொடுத்தாள். அவள் பாஷையில் சொல்ல வார்த்தை இல்லை. "அப்பா" என்று மேலே கையைக் காட்டினேன். விமானம் என்று சொல்லத்தான். சட்டென்று கையை இறக்கிவிட்டேன்.

மாமா போன். அம்மாவின் தம்பி. காலையில் ஆளாளுக்குப் பால் ஊற்றினார்களாம். உயிர் அடங்கவில்லை.

"ஒனக்காகத்தான் இழுத்துக்கிட்டு கெடக்குறாரு பாப்பா. போன காதுல வைக்கிறேன். வந்துட்டேம்பான்னு ஒரு வார்த்த சொல்லிடு. நிம்மதியா போயிடுவாரு."

எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வதுதான். பெரியப்பா சாகக் கிடந்தபோது துபாயிலிருந்த அவர் மகன் இப்படிச் சொன்னதைக் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அன்றைக்கு நல்ல காரியமாகத் தெரிந்தது.

"காதுல வைங்க" என்றேன். வைத்தார். "அப்பா, வெள்ளிக்கிழம கெளம்புறேன். அதுவரைக்கும் இருங்கப்பா."

"ஒனக்கென்ன பைத்தியமா?" மாமா போனைத் துண்டித்துவிட்டார்.

அக். 16, வியாழன்

தூதரகத்துக்கு மூன்று முறை போன். இன்றைக்கே வரட்டுமா? முடியாது, நாளைக்குத்தான்.

இவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கிறார். "சொல்லிடேன்" என்று இதுவரை சொல்லவில்லை. அதற்காகவே காலில் விழலாம்.

பத்து மணிக்கு அம்மா, வீடியோவில். போனை அப்பா பக்கம் திருப்பினாள். வாய் திறந்தபடி. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கண் மூடியிருந்தது.

"நேத்து நீ இருங்கன்னு சொன்னதுலேர்ந்து இப்பிடித்தான் கெடக்குறாரு. எங்களால பாக்க முடியலடி. போதும், விட்ரு."

ஞாயிறு வரைக்கும் இப்படியே. எனக்காக.

அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். "அப்பா, வந்துட்டேன்." திரும்ப, சத்தமாக: "வந்துட்டேம்பா."

பிறகு தம்பி குரல்.

"அக்கா, கண்ணத் தொறந்துட்டாருக்கா. வாசலப் பாக்குறாரு."