மூன்றாவது கூப்பாடு

அன்புள்ள முனியம்மாவுக்கு, நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? ஆடுகளும் உன் வாயும் சுகம்தானே?

இங்கே காப்பித் தோட்டத்தில் பொழுதுபோக, முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தோடு போனில் பேசுகிறேன். தோசை ஏன் வட்டம், கொசு எங்கே தூங்கும் என்று வாய்க்கு வந்ததைக் குரலில் பதிந்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். நேற்று அந்தியில் ஒரு குரல், "இன்னாடா கட்டையா, இன்னா பண்ற?" என்றது. செத்துப்போன அம்மா மட்டும் கூப்பிட்ட பேர் அது. நம்மூர் வழக்கத்தை மறந்து முதல் கூப்பாட்டுக்கே, "வூட்டுக்குப் போ, எம்பொண்டாட்டி சாமைச்சோறு போடுவா" என்று கிண்டலடித்துவிட்டேன். "போறேன்" என்றது. அப்படி ஒரு குரலே வரவில்லை என்கிறார்கள் மற்றவர்கள்.

பயப்படாதே. பொழுது சாய்ந்தபின் வாசலில் யார் கூப்பிட்டாலும், என் குரலே ஆனாலும், மூன்றாவது தடவைக்குத்தான் கதவைத் திற. பேய் ஒரு தடவைக்குமேல் கூப்பிடாதென்று உனக்கே தெரியும். கொஞ்சம் புளி அனுப்பு.

மேஸ்திரி கூப்பிடுகிறார். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும், போகிறேன்.

உன் தனசேகரன்