எனக்கும் உண்டு அந்தத் தீட்டு

இன்று மாலை ஓசூர் பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து கட்டிங் ஆயில் வாசனை வந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் லேத் வேலை செய்கிறவர்களை விட்டுப் போகாத வாசனை. உங்கள் வாசனை. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

நமக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு வேறு எதைப் பற்றியும் பேச முடியாமல் போயிற்று. நீங்கள் இரவு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நான் பகலில் பள்ளிக்கூடம் போனேன். நீங்கள் வந்து படுக்கும்போது என் தலையணையில் சூடு ஆறியிருக்காது. கடைசி வருடங்களில் அவ்வளவுதான் நம் நெருக்கம்.

பிரிவதென்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் சமரசப் பேச்சுக்கு அழைத்த அன்று, என் தம்பி வீட்டு வாசலில் வண்டியோடு வந்து நின்றீர்கள்.

"போறது ஒரே எடம். என்னாத்துக்குத் தனித்தனியா? ஏறு."

ஏறிக்கொண்டேன். வக்கீல் நம்மைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஏன் சார், விவாகரத்துக்கு ஜோடியா வந்து எறங்கறீங்க? முக்குலயாவது எறக்கி விட்டிருக்கக் கூடாதா?"

"வெயிலா இருந்துச்சு சார்," என்றீர்கள்.

சமரசம் பேசிய அம்மா நம்மைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். என்னிடம் உங்களைப் பற்றிச் சொல்லக் குறை எதுவும் இருக்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தானாம். கடைசியில் அவர் ஒப்பந்தத்தை வாசித்தார். இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை என்ற வரியில் நீங்கள் குறுக்கிட்டீர்கள். "மேடம், உடம்பு சரியில்லன்னா போய்ப் பாக்கலாமில்ல?"

"பாக்கறத யாருங்க தடுக்கப் போறாங்க? அதெல்லாம் எழுத வேண்டியதில்ல."

திரும்பும் வழியில் சூளகிரியில் டீ குடித்தோம். எனக்குப் பிடிக்காதென்று பாலாடையை எடுத்துவிட்டு டம்ளரை நீட்டினீர்கள். ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

போய்ப் பார்க்க எனக்கு அவகாசமே தரவில்லை நீங்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியவர், உங்கள் ஊர் கெலமங்கலத்தில் இறங்கவில்லை. மாரடைப்பு என்று உங்கள் தங்கைதான் போன் செய்தாள்.

நான் உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இந்தம்மா எந்த மொறையில வந்திருக்குது?" அத்தை உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, "தாலி வாங்கக்கூட ஆளில்லாமப் போறியே சாமி" என்று அழுதார். நான் அக்கம்பக்கத்துப் பெண்களோடு சுவர் ஓரமாக நின்றேன்.

நான் திரும்பி வந்தபோது என் தம்பி மனைவி வெளிக் குளியலறையில் வெந்நீர் எடுத்து வைத்திருந்தாள். "தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்கக்கா." அன்போடுதான் சொன்னாள். துக்கத்துக்குப் போய்வந்த அசலாருக்கு ஒரு குளியலோடு தீட்டு முடிந்துவிடும். மனைவிக்கும் பங்காளிகளுக்கும்தான் காரியம் வரை.

குளித்தேன். ஆனால் விளக்கேற்றவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. பள்ளியில் யாரோ திருப்பதி லட்டு நீட்டியபோது, கையில் வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொன்னேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் உங்கள் தங்கை அழைத்தாள்.

"அண்ணி, வெளக்கு ஏத்தறீங்களா?"

"இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நெனச்சேன். காலைல நாங்க தலைக்கு ஊத்தும்போது போன் பண்றேன். நீங்களும் ஊத்திக்கோங்க."

விடியும் முன்பே அழைத்தாள். அங்கே அவர்களும் இங்கே நானும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம்.

யாராவது கேட்டால், நான் உங்களுக்கு எந்த உறவும் இல்லை என்றே சொல்கிறேன். நாம் இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்டது அது. ஆனால் அன்று குளியலறைத் தரையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து அழுதவள் உங்கள் மனைவி. அவளை நான் வெளியில் காட்டுவதில்லை. என்னோடுதான் வைத்திருக்கிறேன்.