சேகர் விட்டுவைத்த நரம்பு

14.11.2006, செவ்வாய்

போதை ஊசி போடுகிறவர்களிடம் எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் எங்கள் ஆய்வுக்கு இனி நிதி கிடையாதாம். யார் எங்கே உட்கார்ந்து முடிவு செய்தார்களோ.

நெல்லித்தோப்பில் ஆய்வுக்கு ரத்தம் எடுக்கும் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மாதாமாதம் என்னிடம் ரத்தம் கொடுக்கும் சேகர் வந்து நின்றான். ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் நரம்பு செத்துப்போனவன். இடது கையில் ஒன்று மட்டும் மிச்சம்.

"இத உங்களுக்குன்னுதான் தொடாம வெச்சிருக்கேன் அக்கா," என்று கையை நீட்டினான்.

"இனிமே ரத்தம் எடுக்க மாட்டோம் சேகர். பணம் நின்னுபோச்சு."

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான்.

"அப்ப இதுலயும் போட்டுக்கட்டுமாக்கா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்காக என்று கேட்டிருப்பான்.