மல்லிச் செடியும் ரெண்டு பக்கெட்டு களிமண்ணும்

என் அன்பான மாமாவுக்கு,

மொதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். உங்க குண்டுமல்லிச் செடி இந்தக் கத்திரி வெயில்ல சாகப் பாத்துது. வெயிலால இல்ல, என்னால. அதைவிட வெட்கக்கேடு என்னன்னா, அஞ்சு நாளா அக்காகிட்ட "வெயில் ஜாஸ்திக்கா, செடி என்ன பண்ணும் பாவம்"னு பழியை வெயில் மேல போட்டுக்கிட்டு இருந்தேன்.

நீங்க இருந்தப்ப உங்களை எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன். "மாமா குளிக்கிறதைவிட செடிங்க குளிக்கிற தண்ணிதான் அதிகம்"னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுவேன். நீங்க சிரிச்சுக்கிட்டே குடத்தைச் சாய்ப்பீங்க. இப்ப அந்தக் குடம் என் கையில இருக்குது. அக்காவுக்கு முட்டி வலி, குனிய முடியல. தோட்டத்து வாசல்ல சேரு போட்டு உக்காந்து எனக்கு உத்தரவு போடுது.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒண்ணு. நீங்க போனதிலேருந்து உங்க படத்துக்கு அந்தச் செடிப் பூ மட்டும்தான். சாயங்காலம் அக்கா பறிச்சு, கட்டி, போடும். ஒருநாள் பூ கொறச்சலா இருக்குதேன்னு ஜங்ஷன்கிட்ட ரெண்டு முழம் வாங்கியாந்தேன். அக்கா கையில கூட வாங்கல. "அவரு வெச்ச செடி இருக்கும்போது கடைப்பூ எதுக்குடா? அவருக்குத் தெரியாதா?"ன்னுச்சு. அந்த ரெண்டு முழத்தையும் என் பொண்டாட்டிகிட்ட குடுத்தேன். "என்ன தப்பு பண்ணிட்டு வந்தே?"ன்னு அவ கேட்டா.

தப்பு அதுக்கப்புறம்தான் பண்ணேன். வெயில்ல காலையில ஊத்தின தண்ணி பத்து மணிக்கெல்லாம் காணாம போவுது. ஈரம் நிக்கணும்னா மேல மூடணும்னு என் மூளைக்குத் தோணிச்சு. எங்க கம்பெனியில பொம்மை அச்சுல ஊத்தினது போக மிச்சம் இருந்த களிமண் கூழை, சொல்லிட்டு ரெண்டு பக்கெட்டு கொண்டாந்து, செடியைச் சுத்தி ஊத்தி, கையால தடவி, வழவழன்னு மெழுகி வெச்சேன். அவ்வளவு அழகு! தண்ணி ஊத்தினா மேலயே நின்னு மினுமினுங்குது. ஈரம் நிக்குதுன்னு எனக்கு ஒரே பெருமை.

இருபது வருஷமா செராமிக் கம்பெனியில வேலை பாக்கறவன் மாமா நானு. மண்ணு காஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

இலையெல்லாம் சுருண்டு, மொட்டெல்லாம் கொட்டின பெறகு, அக்கா கம்பை ஊணிக்கிட்டு மெதுவா வந்து, அந்தக் கம்பாலயே தட்டிப் பாத்துச்சு. டங்குன்னு சத்தம்.

"என்னடா இது?"

"மண்ணுதாங்க்கா."

"மண்ணா? தட்டுல இட்லி வெச்ச மாதிரி செடியை வெச்சிருக்கியேடா! வேருக்கு ஒரு சொட்டு போயிருக்குமா? இதுல வெயிலு ஜாஸ்தியாம், வெயிலு!"

திட்டினது வலிக்கல மாமா. திட்டி முடிச்சிட்டு, உள்ள போயி உங்க படத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அதுதான் வலிச்சுது.

ஸ்குரூடிரைவரை வெச்சு, வேர்ல படாம, சில்லு சில்லா ரெண்டு சாயங்காலம் பேத்து எடுத்தேன். தேங்காய் மட்டையைப் பிச்சு அடியில பரப்பினேன். காஞ்ச நுனியெல்லாம் கிள்ளிட்டேன். மூணு வாரம் உங்க படம் வெறும் பொட்டோட இருந்துது. எதிர்ல உக்காந்து டீ குடிக்கவே எனக்குக் கூச்சம். "கடையில ஒரு முழம்..."னு வாயைத் தொறந்தா, அக்கா பாக்கற பார்வையில டீ ஆறிப்போவும்.

நேத்து எட்டு பூ பூத்துது. அக்கா ஏழு பூவைக் கட்டி உங்களுக்குப் போட்டுச்சு. உங்க மீசை அளவுக்குத்தான் சரம், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மிச்சம். "நீ வெச்சுக்கயேங்க்கா"ன்னேன். கிண்டலா சொல்லல. "போடா"ன்னுச்சு. ஆனா கீழ போடல, கையிலயே வெச்சிருந்துச்சு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாமா?

மழை எறங்கற வரைக்கும் காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் என் பொறுப்பு. உங்க படம் இனிமே வெறுமனே இருக்காது. இது சத்தியம்.

மத்தியான வெயிலு படக்கூடாதுன்னு இன்னிக்கு நாலு குச்சி நட்டு, கொடியில கெடந்த பழைய வேட்டியை நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு இழுத்துக் கட்டினேன். நல்ல நிழல். கட்டி முடிச்ச பெறகுதான் பாத்தேன், அது பழைய வேட்டி இல்ல. நாளைக்கு ஸ்ரீமுஷ்ணத்துல கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போக நான் தொவைச்சுப் போட்டது. பேண்ட்டு போட்டுக்கிட்டுப் போறேன்.

உங்க வூட்டம்மாவோட தம்பி,
உங்க ஒரே மச்சான்