கார்புரேட்டர் ஒழுகியது எனக்குத் தெரியவில்லை

என் கண்ணான பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்குக் காய்ச்சலெல்லாம் விட்டு நன்றாகத்தான் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

தண்ணீர் இறைக்கிற நம் பழைய பெட்ரோல் எஞ்சின் இருக்கிறதே, அதன் கார்புரேட்டர் ஒழுகி, பெட்ரோல் தரையோடு ஓடிச் சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. நான் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று நினைத்து அதை மிதித்துக்கொண்டே போய், காபி போடத் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரி தலையணை உறை கொடுக்க வந்தாள். ஐயோ அக்கா, தீப்பெட்டியக் கீழ போடுங்க, வீடே பெட்ரோல் நாறுதுன்னு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை பாப்பா. அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, உங்களுக்கு மூக்கே வேலை செய்யலியாக்கா என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கம்மா என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் அப்பா அதைக் கழற்றும்போதெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்து வசவு வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? நானே உட்கார்ந்தேன். முதலில் அடியில் இருக்கும் போல்ட்டை இறுக்கிப் பார்த்தேன், சொட்டு நிற்கவில்லை. பிறகு பெட்ரோல் வருகிற வழியை அடைத்துவிட்டு அடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே மிதவை நன்றாகத்தான் இருந்தது, அது மேலே எழும்பிப் பெட்ரோலை அடைக்கிற ஊசியின் முனையில்தான் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், தேய்ந்துபோயிருந்தது. கடையில் புது ஊசியும் கிண்ணத்துக்கு ரப்பர் வளையமும் வாங்கி வந்து மாட்டினேன், இப்போது ஒரு சொட்டு இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் தையல்காரிதான் வந்து மோந்து பார்த்துவிட்டு, வாசன இல்லக்கா, பத்த வைங்க என்கிறாள். அவள் வர நேரமானால் அடுப்படிக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடு என்று நீ சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்வேனே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

காய்ச்சலோடு மூக்கும் போயிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. காபிப்பொடியில் மணமே இல்லை, என்னத்தைக் கலக்கிறாய் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு கடைக்கு மாறிவிட்டேன், பாவம் மனுஷன், இனி எந்த முகத்தோடு போவேன். அது போகட்டும். அப்பா கடைசியாக உடுத்தியிருந்த கட்டம் போட்ட சட்டையைத் துவைக்காமல் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தேன், உனக்குக்கூடச் சொன்னதில்லை. தனியாக இருக்க முடியாதபோது அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒருநாள் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. சரி, இதுவும் போய்விட்டது, இனி எதற்கு அழுக்காக வைத்திருக்க வேண்டும் என்று சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து மடித்து வைத்துவிட்டேன். சட்டையில் வாசனை இருந்திருக்கிறது பாப்பா. எனக்குத்தான் தெரியவில்லை. யாரிடம் சொல்லி அழுவது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

டாக்டரிடம் போகிறேன், கவலைப்படாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவின் ஸ்வெட்டரை நீ எடுத்துக்கொண்டு போனாயே, அதைத் துவைக்காதே. துவைத்துவிட்டாய் என்றால் என்னிடம் சொல்லாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா