நனைந்த கம்பளி

8-7-74, திங்கள்
ஆறு கிலோ நானூறு. தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். கணக்குப்பிள்ளை சூசையப்பன் துணியைத் தொட்டில்போல் கட்டித் தராசில் தொங்கவிட்டார். பிள்ளை சிரித்தான். மழையில் போனதற்கு வீட்டில் இவர் திட்டினார். "ஆபீஸ் கிளார்க் பெண்டாட்டிக்கு வேற வேலையில்லையான்னு கேப்பாங்க, சிசிலி." கேட்கட்டும். இன்று ஒருநாளாவது பால் போதவில்லையோ என்ற நினைப்பு வரவில்லை.

9-7-74
ஆறு கிலோ. நானூறு எங்கே போயிற்று?

10-7-74
மறுபடி ஆறு. சோறு இறங்கவில்லை. குனிந்து குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். பி.ஏ. படிச்சவ, ஒரு பிள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியலையே— கம்பவுண்டர், "பிள்ளை நல்லாத்தான் இருக்கான், நீங்க தூங்குங்க" என்கிறார். எப்படித் தூங்குவது?

12-7-74, வெள்ளி
கொட்டகையிலேயே அழுதுவிட்டேன். கூடை இறக்க வந்த கத்தரீனாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். என் வயதுதான், மூன்று பெற்றவள்.

"நானூறு இருந்தது என்னிக்கு?"

"திங்கக்கிழமை."

"அன்னிக்கு நல்ல மழையில்ல? கம்பளியோடயா நிறுத்தீக?"

ஆமாம் என்றேன். சிரித்துவிட்டாள். "எங்க கொழுந்துல ஈரமிருக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாக. ஒங்க கம்பளிக்குக் கழிச்சீகளா, கிளார்க்கம்மா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும். எத்தனை நாளாயிற்று. சூசையப்பன் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இனி மாசத்துல மொத சனி மட்டுந்தான். மத்த நாள் தராசு கொழுந்துக்கு."

14-7-74, ஞாயிறு
காரணம் தெரிந்துவிட்டது, பயம் போகவில்லை. நாலு மணியானால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பாளையங்கோட்டை ஹாஸ்டலிலும் பரீட்சை வாரத்தில் இதே நாலு மணி, இதே நெஞ்சு. புஷ்பமேரி வந்து புத்தகத்தைப் பிடுங்கித் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவாள். "வாடி, ரிங் போடலாம்." செம்மண் மைதானம், உதிர்ந்த வேப்பம்பூ, இடுப்பில் செருகிய தாவணி. அந்த ரப்பர் வளையம் என் கையிலிருந்து எப்போதும் இடப்பக்கமாகவே வளைந்து போகும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது எனக்கு நன்றாகப் பசித்திருக்கும். பயம் எந்த நிமிஷத்தில் போனது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ.

20-7-74
நாலு மணிக்குப் பிள்ளையோடு கொட்டகைவரை நடந்தேன். தராசைப் பார்த்தேன். நிறுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

3-8-74, சனி
ஆறு கிலோ முந்நூறு. கம்பளியைக் கழற்றிவிட்டு.

19-8-74
பழைய சைக்கிள் டியூபை மடித்துக் கட்டி வளையம் செய்தேன். கொழுந்து எடை முடிந்ததும் கத்தரீனாளிடம் எறிந்தேன். இன்னும் இடப்பக்கம்தான் போகிறது. "நேரா எறியத் தெரியாதா, படிச்சவுக?" என்று ஓடிப்போய்ப் பிடித்தாள்.

7-9-74, சனி
ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் கேட்டார்: "இன்னைக்கு முதல் சனியாச்சே. எத்தனை கிலோ?"

இருட்டும்வரை கொட்டகையில்தான் இருந்தேன். தராசு தலைக்கு மேலேயே தொங்கியது. வளைய ஆட்டத்தில் கத்தரீனாள் ஏழு, நான் ஒன்பது.

"தெரியலை," என்றேன். "ஏத்தத்துல தூக்கிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு."