அப்பா கையில் கால்குலேட்டர் வாட்ச்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். பேத்திக்கு இருமல் விட்டதா, போனில் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கும்மா என்று ஒரே பதில் சொல்கிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன். அப்பா மாத்திரையை விழுங்கினாரா தலையணைக்கடியில் தள்ளினாரா என்று தினமும் நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருப்பு சரிபார்த்தவளுக்கு வேறென்ன வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு எழுபது முடிந்ததென்று போன வாரம் உன் தம்பி வந்திருந்தான். எங்கேயோ லிப்ட் ரிப்பேரை முடித்துவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். திறந்தால் கால்குலேட்டர் வாட்ச். கறுப்புப் பட்டை, சின்னத் திரை, அதற்குக் கீழே அரிசி அளவுப் பொத்தான்கள். அப்பா கட்டட சூப்பர்வைசராக இருந்தபோது கட்டியிருந்தாரே, ரீபில் முனையால் குத்திக் குத்திச் செங்கல் கணக்குப் போடுவாரே, அச்சு அசல் அதேதான். அது காணாமல் போய்த் தம்பி அடிவாங்கியது உனக்கு மறந்திருக்காது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போகட்டும்டா, இப்பவாவது திருப்பிக் குடுத்தியே" என்றார். தம்பி கை கழுவப் போய்விட்டான்.

எனக்கும் அதே சந்தேகம்தான், மறைப்பானேன். இருபத்தைந்து வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று நினைத்துக்கொண்டு, அவன் சாப்பிடும்போது வாட்சைச் சமையலறை ஜன்னலுக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பின்மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. வாரண்டிச் சீட்டில் போன மாதத் தேதி. அப்பா வாட்சில் ஏழாம் பொத்தான் தேய்ந்து எழுத்தே அழிந்திருக்கும், இதில் பளிச்சென்று இருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பழைய மாடல் மாதிரியே இப்ப புதுசா செய்யறாங்கம்மா, கடையில பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துச்சு, வாங்கினேன் என்றான். அப்படியானால் பழசு எங்கே என்று விடாமல் கேட்டேன். "நான் எடுக்கலைன்னு அன்னைக்கே சொன்னேன். எடுத்தது யாருன்னும் தெரியும். இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றான்.

அந்த வீட்டில் நாம் நாலு பேர். அப்பா தன் பொருளைத் தானே திருட மாட்டார், நான் எடுக்கவில்லை, அவனும் இல்லை. கழித்துப் பார்க்க எனக்கு எந்தப் பொத்தானும் வேண்டாம். வாட்ச் காணாமல் போன அந்த வாரம் உனக்குக் கணக்குப் பரீட்சை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை கேட்டாய், பரீட்சை ஹாலில் கொசு கடிக்குதும்மா என்றாய், மணிக்கட்டில் பட்டனை நான்தான் மாட்டிவிட்டேன். பகலில் ஏது கொசு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை, என் கண் முழுக்க அவன் மேலேயே இருந்தது. பிறகு அந்த வாட்சை என்ன செய்தாய், டீச்சர் பிடுங்கினாளா, பயந்துபோய் எங்காவது எறிந்தாயா, தெரியாது. நான் நினைப்பது தப்பென்றால் தப்பு என்று ஒரு வரி எழுது, இப்படிக் கேட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பதில் வராவிட்டால் அதையும் நான் கணக்கில் சேர்ப்பேன்.

தம்பி வரும்போதெல்லாம் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வது என் பழக்கம். அவன் கவனித்ததில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்று கிளம்பும்போது, சாவி விழுந்துடப் போகுதும்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். இங்கே அப்பா வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, பையன் திருந்திட்டான், எடுத்ததைக் கொண்டாந்து குடுத்துட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, அது நான் சொல்ல வேண்டியது அல்ல, நீ சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மறக்காமல் கூப்பிடு. போனை நேராக அப்பா கையில் கொடுப்பேன், தம்பியையும் வரச்சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தம். நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீ வாழவேண்டும், அந்த ஆசீர்வாதத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கோபம் இல்லை என்றும் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, இன்னும் கை வரவில்லை.

உன் அம்மா